பதினொரு மணி பைல்

"நான் என்ன பியூனா சேர்?"

தனுஜா நறுக்கென்று கேட்டுவிட்டாள். கண்டியில் அந்தக் காப்புறுதிக் கம்பெனியில் சேர்ந்து ஏழு மாதம்தான். ஆனாலும் மனதில் பட்டதை விழுங்கிக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

தலைமைக் கிளார்க் கணபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பியூன்கிட்ட குடுக்கிற பைல் இல்ல இது. தினம் பதினொரு மணிக்கு குட்செட் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கிற நம்ம மத்த ஒப்பீசுக்குக் கொண்டுபோய், சீல் வாங்கிட்டு வாங்க. நடந்தே போகலாம்."

"எத்தனை நாளைக்கு?"

"நான் சொல்ற வரைக்கும்."

இத்தனைக்கும் அவள் கேட்டது ஒரே ஒரு உதவி. ஏழு மாதத்தில் நாலு தடவை சளிக்காய்ச்சல். லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னொரு தடவை படுத்தால் நிரந்தர நியமனம் கிடையாது என்று மேனேஜர் கடிதமே கொடுத்துவிட்டார்.

இரத்தம் சோதித்த டொக்டர், "விற்றமின் டி ரொம்பக் குறைவு. அது குறைஞ்சா இந்த வைரஸ் காய்ச்சலெல்லாம் சுலபமா தொத்திக்கும். மாத்திரை தாறேன், கொஞ்சம் வெயிலும் படணும்" என்றார்.

வெயிலா? வாசல்படி இறங்கும் முன்பே குடையை விரிக்கிறவள் தனுஜா. "வெயில்ல நின்னு கறுத்துப் போகவா?" என்று ஒப்பீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். கணபதியின் மேசை ஜன்னலோரம். கண்ணாடி வழியாகக் காலை வெயில் பளிச்சென்று விழும். வேலைக்கு வேலையும் ஆச்சு, வெயிலுக்கு வெயிலும் ஆச்சு.

"அந்த மேசையை எனக்குத் தாங்க சேர்."

"ஏலாது."

அந்த ஒற்றைச் சொல்லோடுதான் பைலையும் நீட்டினார்.

"ரிட்டயர் ஆகப்போற வயசுல ஒரு மேசைக்கு இந்தப் பிடிவாதமா?" என்று பக்கத்து மேசை யசோதா முணுமுணுத்தாள்.

மூன்று மாதம் நடந்தாள் தனுஜா. பைலா அது, பாறாங்கல்! இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத்தான் தூக்க வேண்டும். வியர்வையில் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, அடிக்கு ஒரு தடவை கணபதியைத் திட்டிக்கொண்டே போவாள். மடவளை பஸ் டிரைவர்கூட அவளைக் கண்டால் ஹோர்ன் அடித்துச் சிரிக்கிற அளவுக்குப் பழகிப்போனார்.

மழை நாளில் மட்டும், "இன்னைக்கு வேணாம், பைல் நனைஞ்சிடும்" என்பார் கணபதி.

'நான் நனைஞ்சா பரவாயில்ல, பைல் நனையக் கூடாது!' தனுஜாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது மாதம் ஒப்பீசில் காய்ச்சல் புகுந்து யசோதா உட்பட ஆறு பேரைப் படுக்கையில் போட்டது. தனுஜாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. நிரந்தர நியமனக் கடிதமும் கைக்கு வந்துவிட்டது.

மறுபடி சோதித்த டொக்டர், "பிரமாதம்! நல்லா ஏறியிருக்கு" என்றார்.

"எல்லாம் மாத்திரைதான் டொக்டர். வெயிலுக்கு ஜன்னலோர மேசையைக் கேட்டேன், அந்த மனுசன் விடல."

டொக்டர் சிரித்தார். "விடாதது நல்லதாப் போச்சு. கண்ணாடி வழியா வர்றது வெறும் சூடு. விற்றமின் டி தர்ற கதிரைக் கண்ணாடி தடுத்துடும். வெளியில நடமாடினாத்தான் கிடைக்கும். நீங்க எங்கேயோ நல்லா வெயில் பட்டிருக்கீங்க."

தனுஜா முழங்கை வரை கறுத்திருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

மறுநாள் மற்ற ஒப்பீசில் சீல் குத்தும் ரிஸ்மியிடம் கேட்டாள். "ரிஸ்மி நானா, இந்தப் பைல்ல அப்படி என்னதான் முக்கியமா இருக்கு?"

ரிஸ்மி பைலைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்.

"மூணு மாசத்துக்கு முந்தியே கணபதி ஐயா வந்து சொல்லிட்டாரு தங்கச்சி. 'வெயில்ல நடன்னு சொன்னா அந்தப் புள்ள கேட்காது. ரெண்டு கையும் நிறைஞ்சிருந்தாத்தான் குடையை வச்சிட்டு வரும். என்னைத் திட்டினா திட்டட்டும், நீங்க சீலைக் குத்தி அனுப்புங்க'ன்னு."