யாரும் கட்டாயப்படுத்தவில்லை

"மந்திரம் கேக்கிறதுக்கு இவ்வளவு நேரமா தம்பி?"

சவுந்தரம் கேட்டது பாக்கியசாமியின் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. பங்குச்சாமியார் வீட்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் அவருடைய மகள் அன்னமேரி சாமியார் முன்னால் தனியாக இருந்தாள்.

"உன்னைத்தான். கொஞ்சம் உக்காரேன்லா. பாக்குற எனக்கே தலை சுத்துது."

பாக்கியசாமி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

அக்காவும் தம்பியும் சம்பந்திகளாகப் போகிறார்கள். சவுந்தரத்தின் மகன் பெர்னார்ட் ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. தாயும் மகனுமாக இந்தத் தீவுக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த பாகான் டாலாமில் குடியிருந்தார்கள். சொந்தத்துக்குள் கட்டுவதற்குப் பங்குச்சாமியாருக்கும் மேலே இருக்கும் மேற்றிராணியாரின் உத்தரவு வந்துவிட்டது. வருகிற ஞாயிறு பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்து ஊருக்குச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் சாமியார் மணமக்கள் இருவரையும் அழைத்து, கல்யாணத்துக்குத் தயாரா என்று பார்ப்பது வழக்கம்.

"பெர்னார்டைக் காலையில சீக்கிரமே அனுப்பிட்டாரு. பத்துக் கற்பனை, ஏழு தேவதிரவிய அனுமானம், எல்லாத்தையும் கடகடன்னு ஒப்பிச்சானாம். அப்படியே கப்பலேறி வேலைக்குப் போயிட்டான். பொண்ணை மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு என்ன கேக்குறாரு? இதுவரைக்கும் எந்தப் பொண்ணை இப்படிக் கேட்டிருக்காரு? யார் இவருக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"தெரியலக்கா."

"உன் மக ஏடாகூடமா எதுவும் சொல்லிட மாட்டாளே?"

பாக்கியசாமி மறுபடியும் எழுந்துவிட்டார். "என்னத்தச் சொல்லப் போறா? நான் சொன்னதை அவ எப்ப மீறியிருக்கா?"

"அதுக்கில்ல. இஷ்டமில்லேன்னு பொண்ணு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சாமியார் நிறுத்திப்புடுவாரு. போன வருஷம் ஒரு கல்யாணம் அப்படித்தானே நின்னுச்சு."

"தெரியும்க்கா."

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தெருவில் ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

பாக்கியசாமி கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் போய்விட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்தது சவுந்தரம்தான். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்த அத்தனை நாளும் தன் பங்குக் கஞ்சியையும் தம்பிக்கே ஊட்டினாள். வெள்ளைக்காரனின் சரக்குக் கிட்டங்கியில் அவர் கணக்கு எழுதுகிறார் என்றால் அது அக்கா படிக்கவைத்த படிப்பு. அந்த அக்கா வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அவரிடம் ஒன்று கேட்டாள். "உன் மகளை என் வீட்டுக்குக் குடுத்துடு தம்பி." உட்கார்ந்த இடத்திலேயே சரியென்று வார்த்தை கொடுத்துவிட்டார். அன்னமேரி தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டம்பா" என்றாள். அவ்வளவுதான்.

"அவ வந்தா வீடு அடங்கும்" என்று சவுந்தரம் தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள். "நானும் அவனும் மட்டும் எத்தனை நாளைக்குத்தான்..."

பாக்கியசாமி கதவருகே போய் நின்றார். பிரெஞ்சுக்காரச் சாமியாரின் அழுத்தமான தமிழ் உள்ளிருந்து கேட்டது.

"யாராவது உன்னைக் கட்டாயப்படுத்துகிறார்களா, மகளே? பயப்படாமல் சொல்."

பாக்கியசாமி கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. அருள்நிறை மந்திரத்தைப் பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"மாதா கைவிட மாட்டா தம்பி" என்றாள் சவுந்தரம்.

கதவு திறந்தது. அன்னமேரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். அழுதிருக்கிறாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஆனால் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"சாமி திரும்பத் திரும்பக் கேட்டாருப்பா. யாரும் கட்டாயப்படுத்தல, எனக்கு முழுச் சம்மதம்னு சொல்லிட்டேன். நீங்க அத்தைக்குக் குடுத்த வார்த்தைக்கு ஒரு குறையும் வராது."

சவுந்தரம் சிலுவை போட்டுக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

பாக்கியசாமி மகளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு அறைக்குள் போனார். கதவைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை.

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "நேற்று நீர் வந்து கெஞ்சியபடியே அவளைத் தனியாக வைத்துக் கேட்டேன், பாக்கியசாமி. நீர் எதிர்பார்த்த பதில் வரவில்லை. மனப்பூர்வமான சம்மதம் என்கிறாள். இனி நான் என்ன செய்ய?"

"பொய் சொல்லிட்டா சாமி. எனக்காகச் சொல்லிட்டா. அவளே வேணாம்னு சொன்னா, அக்கா முகத்துல நான் முழிக்க முடியும்னு கோழைத்தனமா நெனச்சேன். அவளைக் கட்டாயப்படுத்தினது நான்தான். ஓலை வாசிக்காதீங்க."

"வார்த்தை கொடுத்தவரும் நீர்தானே? இப்போது ஏன் வேண்டாம் என்கிறீர்?"

"பெர்னார்ட் கை நீட்டுறவன் சாமி. போன வாரம் சொல்லாம கொள்ளாம அவன் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் வழியா என் கண்ணால பாத்தேன். உள்ள போகத் தைரியமில்லாம அப்படியே திரும்பி வந்துட்டேன்."

"யாரை அடித்தான்?"

பாக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னைத்தான் சாமி" என்றாள் வாசலில் வந்து நின்ற சவுந்தரம். "ஓலையை நிறுத்திடுங்க."