பதினோராவது யோசனை

"பத்து மணிக்கு எனக்குத்தான் நேரம் கொடுத்திருக்கீங்க!"

"எனக்கும் பத்து மணிதான். இதோ, போன்லயே வந்திருக்கு பாருங்க!"

ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருவர் முகம் பல்வலியில் வீங்கியிருந்தது, இன்னொருவர் முகம் கோபத்தில்.

முன்மேசையில் இருந்த அக்கா பதறி எழுந்தார். "தப்பு என்மேலதான். ஒருத்தரை நோட்டுல எழுதிட்டேன், கம்ப்யூட்டர்ல வந்தவரைப் பார்க்காம விட்டுட்டேன். வீங்கியிருக்கிறவர் முதல்ல போகட்டும் சார். அரை மணி நேரம் பொறுத்துக்குங்க."

கோபக்காரர் பொறுத்துக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். அங்கே இருந்த புதுப் பல் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவு தானாகவே திறந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

மூலையில் உட்கார்ந்திருந்த ஆலோசகர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அக்கா அதைக் கவனித்தார். வீங்கிய முகத்துக்காரரின் கையைப் பிடித்து, "உங்க சைக்கிள் கடையில புது வண்டி வந்துச்சாமே, என்ன நிறம்?" என்று பேச்சுக் கொடுத்தபடியே உள்ளே கூட்டிப்போனார். நிறத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே ஆலோசகர் மறுபடியும் எழுதியதை உள்ளேயிருந்த டாக்டரம்மாவும் கவனித்தார்.

தனியாக நடத்தும் பல் மருத்துவமனைகள் மூழ்கிப்போகாமல் இருக்க வழி சொல்வதுதான் அந்த ஆலோசகரின் தொழில். டாக்டரம்மாதான் அவரைக் கூப்பிட்டிருந்தார். வேறு வழியில்லை. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனம் எதிரே கடை விரித்து எட்டு மாதமாகிறது. 'உங்கள் இடத்தை எங்களிடம் விட்டுவிட்டு எங்களிடமே வேலைக்கு வந்துவிடுங்கள்' என்று அங்கிருந்து கடிதமும் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மதியம், உள்ளறையில், ஆலோசகர் கோப்பைத் திறந்தார்.

"முதல் யோசனை டாக்டர். நோட்டை மூடிடணும். நேரம் கொடுக்கிறதெல்லாம் இனிமே கம்ப்யூட்டர்லதான்."

"முடியாது சார். அக்காவுக்குக் கம்ப்யூட்டர் வராது."

"ரெண்டாவது, சாயந்திரம் ரெண்டு மணி நேரம் கூடுதலாத் திறந்து வைக்கணும். வேலைக்குப் போறவங்க அப்பத்தான் வர முடியும்."

"அக்கா வீடு ரொம்ப தூரம். பாவம், எப்படிப் போவாங்க?"

"சரி, மூணாவது. பின்னாடி அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிற அறையில இன்னொரு நாற்காலி போட்டு, இன்னொரு டாக்டரைச் சேர்த்துக்கலாம்."

"ரெண்டு டாக்டருக்கு அக்கா ஒருத்தரே எப்படி ஈடுகொடுப்பாங்க?"

இப்படியே பத்து யோசனையும் போயின. பத்துக்கும் குறுக்கே அக்காதான் நின்றார். ஆலோசகர் தண்ணீர் குடித்துவிட்டுக் கடைசித் தாளைப் புரட்டினார்.

"பதினொண்ணாவது... முன்மேசையில இருக்கிறவங்களை நிறுத்திட்டு, விஷயம் தெரிஞ்ச வேற ஆளைப் போடணும்."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"என்ன சார் பேசறீங்க? இருபத்திரண்டு வருஷம்! நான் இந்தக் கதவைத் திறந்த அன்னிக்கு முதல்ல உள்ள வந்தவங்க அவங்க. சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போடுற மாதிரி ஒரு மனுஷியைப் பிடுங்கிப் போடச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

ஆலோசகர் கோப்பை மூடினார்.

"காலையில நீங்க எழுதினப்பவே நினைச்சேன். ஒரு தப்பு பண்ணிட்டாங்க, உடனே ஆளையே மாத்திடுவீங்களா? கோப்பை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!"

"காலையில நான் எழுதினது வேற டாக்டர். 'ஊசிக்குப் பயப்படுறவங்க இவங்க கையைப் பிடிச்சா அடங்கிடறாங்க, இது எதிர்ப்பக்கம் கிடைக்காது'ன்னுதான் எழுதினேன்."

"அப்போ இந்தப் பதினொண்ணாவது?"

ஆலோசகர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். நேரம் எழுதும் நோட்டிலிருந்து கிழித்தது.

"இதை யார் எழுதினதுன்னு சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. நான் சொல்லலை. நீங்களே படிச்சுக்குங்க."

தினமும் காலையில் பார்க்கும் அதே குண்டு குண்டு எழுத்து.

'தம்பி, ஆறு மாசமா கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டறேன், வரலை. நீங்க எதைச் சொன்னாலும் டாக்டரம்மா எனக்காக வேண்டாம்னுதான் சொல்வாங்க. அவ்வளவு நல்ல மனசு. என்னைப் போகச் சொல்ல அவங்களுக்கு வாய் வராது. அதனால நீங்களே எழுதிடுங்க. நான் போயிட்டா மத்ததெல்லாம் தைரியமா செய்வாங்க. எப்படியாவது இந்தக் கதவு மூடாம இருக்கணும். புதுசா வர்ற பொண்ணுகிட்ட மட்டும் ஒண்ணு சொல்லிடுங்க: சைக்கிள் கடைக்காரர் ஊசியைப் பார்த்தாலே மயங்கிடுவார். கையைப் பிடிச்சுக்கிட்டு வண்டியைப் பத்திக் கேட்கணும்.'

டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். கண் நிறைந்துவிட்டது.

வெளியே அக்கா யாரிடமோ, "வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா நான் பக்கத்துலயே இருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"அந்தப் பதினொண்ணை அடிச்சிடுங்க தம்பி. கம்ப்யூட்டருக்கு ஒரு ஆளைப் போடலாம், அக்கா கையைப் பிடிக்கிற வேலையைப் பார்க்கட்டும்" என்றார் டாக்டரம்மா. குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணாவதுலேருந்து மறுபடியும் படிங்க. இந்தத் தடவை நடுவுல பேச மாட்டேன்."

ஆலோசகர் பேனாவைத் திறந்தார். முதல் யோசனை தடையில்லாமல் போனது.

"சாயந்திரம் திறக்கிறது... டாக்டர், அவங்க வீடு தூரம்னு..."

"அடுத்த தெருதான் தம்பி. சோம்பல் எனக்குத்தான்."