அடுப்பெரியாத தெரு

வெள்ளத்தில் யாரை முதலில் மீட்பது என்பதை இப்போதெல்லாம் எங்கள் கட்டுப்பாட்டு அறைத் திரையிலுள்ள வரைபடமே சொல்லிவிடுகிறது. வானிலிருந்து சூட்டை அளந்து, அடுப்பு எரிகிற வீடு ஒவ்வொன்றையும் அது ஒரு மஞ்சள் புள்ளியாகக் காட்டும். புள்ளி இருக்கும் இடத்துக்குத்தான் படகு போகும்.

காலை எட்டு மணிக்குப் பனங்காட்டுத் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளும் கறுப்பாகக் கிடந்தன. ‘ஆட்கள் வெளியேறிவிட்டார்களா?’ என்று திரை கேட்டது. இந்தத் தெருக்காரர்களாவது சொன்ன பேச்சைக் கேட்டு முன்கூட்டியே கிளம்பினார்களே என்று நினைத்துக்கொண்டு ‘ஆம்’ என்பதை அழுத்தினேன். அங்கே போகவேண்டிய மூன்று படகுகளும் அக்கரைக்குப் போயின.

பதினொரு மணிக்குப் படகோட்டி இருதயம் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

“மேடம், பனங்காட்டுத் தெருப் பக்கமிருந்து ஒரு பாடை மிதந்து வருது.”

“பழசா இருக்கும் அண்ணே.”

“இல்ல மேடம், பச்சை மூங்கில். கயிறுகூடப் புதுசு. இன்னும் பொணத்த ஏத்தவே இல்ல போல.”

தெருவில் ஒரு சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். எங்கள் தெருவிலும் அப்படித்தான். அப்பா இறந்த அன்று பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சக்கூட அடுத்த தெருவுக்குத்தான் போனார்கள்.

“படகத் திருப்புங்கண்ணே. எல்லாரும் அங்கதான் இருக்காங்க.”

பத்து நிமிடம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“அண்ணே?”

“தண்ணிதான் மேடம் இருக்கு,” என்றார் இருதயம். “தெருவக் காணோம்.”