பன்னிரண்டு நிமிட ஒத்திகை

நாலு நிமிடம் ஆகிவிட்டது. ஒருவரும் வரவில்லை.

அவள் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். மறுபடி ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள்.

புயல் பாதுகாப்பு மையத்தின் வாசலில் மேசை, நாற்காலி, பெயர்ப் பதிவேடு, முந்நூற்று முப்பது பொட்டலம் எலுமிச்சை சாதம் எல்லாம் தயார். ஒத்திகைச் சைரனும் அடித்து ஓய்ந்துவிட்டது. ஆட்கள்தான் பாக்கி.

"என்னம்மா, ஒரு ஈ காக்காயக் காணோமே" என்றார் பக்கத்தில் நின்ற தாசில்தார்.

"வருவாங்க சார்."

வந்தாக வேண்டும். மூன்று வருடமாக இந்த மீனவர் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கி அவள் போட்ட கணக்கு அது. சைரன் அடித்த பன்னிரண்டு நிமிடத்தில் நூற்றுக்கு எண்பது பேர் மையத்துக்கு வந்துவிடுவார்கள். இன்று அது பலித்தால் அவள் திட்டம் நாற்பது ஊர்களுக்குப் போகும். பலிக்காவிட்டால் பரணுக்குப் போகும்.

கடல் சூடாகிக்கொண்டே இருக்கிறது. எந்தெந்த தேசத்துப் புகையோ, யார் கண்டது. முன்பெல்லாம் மூன்று நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வந்த புயல் இப்போது ஒரே பகலில் பெருத்து நிற்கிறது. அதை நிறுத்த யாராலும் ஆகாது. மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதையாவது முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றுதான் அவள் சமூகவியல் படித்தாள்.

ஆறு நிமிடம்.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள்.

மொத்த ஊரும் அங்கே இருந்தது.

மீன்பிடி வள்ளங்களைக் கயிறு கட்டி மணல்மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் ஒரே கயிற்றில். நிறைமாதக்காரி ஒருத்தி குடைக்குள் நின்றபடி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். திருவிழா தோற்றுவிடும்.

அவள் கூட்டத்துக்குள் புகுந்தாள்.

"செலஸ்டினாக்கா, சைரன் கேக்கலையா?"

மீன் ஏலம் கூறும் செலஸ்டினா கயிற்றை விடாமல் திரும்பினாள். அந்த வீட்டில்தான் மூன்று வருடமும் இவளுக்கு மத்தியானச் சாப்பாடு. கேள்வித்தாளோடு வந்ததால் ஊருக்கு இவள் டீச்சர்.

"கேட்டுதான டீச்சர் வந்தோம்."

"சைரன் அடிச்சா மையத்துக்குப் போவோம்னு எழுதிக் குடுத்தீங்களே?"

"எங்க போவியன்னு கேட்டிய. சொன்னோம். அதுக்கு முன்ன என்ன செய்வியன்னு கேக்கலய."

கேட்கவில்லைதான்.

"சரி, அவங்கவங்க வள்ளத்தையாவது முதல்ல ஏத்தலாம்ல? ஏத்தினவங்க கிளம்பலாம்ல?"

செலஸ்டினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மேட்டில் ஏற்கெனவே வரிசையாய் நின்ற ஆறு வள்ளங்களைக் காட்டினாள்.

"அதெல்லாம் ஊர்ல இல்லாத ஆளுகளோடது. ஒருத்தரு ஆஸ்பத்திரில கெடக்காரு. மத்தவங்க கப்பல் வேலைல. இல்லாதவங்களுதுதான் மொதல்ல ஏறும். நம்மளது கடேசி."

கேள்வித்தாளில் பதினேழாவது கேள்வி. ஆபத்தில் முதலில் யாருடைய உடைமையைக் காப்பாற்றுவீர்கள்? என்னுடையது, உறவினருடையது, அண்டை வீட்டாருடையது. முக்கால்வாசிப் பேர் முதல் கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள்.

"பின்ன ஏன்க்கா அப்படிப் போட்டீங்க?"

"எங்களுது அதுல இல்லயே. இருந்ததுல ஒண்ணப் போட்டோம். ஒங்களுக்கும் சோலி முடியணும்லா."

பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. போயும்விட்டது.

"சும்மா நிக்காதிய டீச்சர். கயித்தப் புடிங்க."

அவள் ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது. பின்னாலிருந்து யாரோ, டீச்சர் கயித்த இழுக்காளா, கயிறு டீச்சர இழுக்கா என்று கேட்டார். ஊரே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

கடைசி வள்ளம் ஏறியதும் எல்லோரும் சேர்ந்து மையத்துக்கு நடந்தார்கள். நிறைமாதக்காரி முன்னால், குடையோடு.

முப்பத்தெட்டு நிமிடம்.

தாசில்தார் பதிவேட்டை இரண்டு தடவை எண்ணினார். ஊரில் இன்றைக்கு இருப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வந்தவர்களும் நானூற்றுப் பன்னிரண்டு பேர். நூற்றுக்கு எண்பது பேர் என்று கணக்குப் பார்த்து வாங்கிய சாதம் பற்றாமல் போனது. கிடைக்காதவர்களோடு பக்கத்தில் இருந்தவர்கள் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றார்கள்.

"ஒருத்தர்கூட விடுபடலையேம்மா" என்றார் தாசில்தார். "ஆனா நேரம் உதைக்குதே. என்னன்னு எழுத?"

அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். சிவந்து கன்றியிருந்தது.

"சைரன் அரை மணி நேரம் முன்னாடி அடிக்கணும்னு எழுதுங்க சார். நாற்பது ஊருலயும் முதல்ல என்ன செய்வாங்கன்னு போய்க் கேட்டுட்டு, அப்புறம் அடிக்கணும்னு எழுதுங்க."

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

அவள் கிளம்பினாள். காலையில் ஸ்கூட்டரைக் கரையோரம் சிலுவைக்குப் பக்கத்தில் பூட்டி நிறுத்திவிட்டு, தாசில்தாரின் ஜீப்பில்தான் மையத்துக்கு வந்திருந்தாள்.

சிலுவைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் இல்லை.

அங்குமிங்கும் தேடினாள். பிறகு மேட்டில் ஏறிப் பார்த்தாள்.

வள்ளங்களின் வரிசை முழுக்க நீண்டு கிடந்தது. கடைசியில் செலஸ்டினாவின் வள்ளம். அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்து போனாள். ஊரில் இல்லாதவர்களின் ஆறு வள்ளங்களையும் தாண்டினாள்.

அதற்கும் முன்னால், வரிசையின் முதல் இடத்தில், அவளுடைய ஸ்கூட்டர் நின்றது. தென்னை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மேலே ஒரு பழைய தார்ப்பாய்.

முடிச்சு எப்படி அவிழ்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

கழுத்தில் ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.