ஓர்சோலாவின் முகம்

"மூக்கு இவ்வளவு கூர்மையா இருக்காது மாஸ்ட்ரோ. நுனியில கொஞ்சம் உருண்டு இருக்கும்."

ஓவியர் அல்விசே பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்று மாதமாக இதே கதைதான். மிளகு வியாபாரியான கிழவர் ஜிரோலமோ வாரத்துக்கு இரண்டு நாள் படகில் வந்து இறங்குவார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, செத்துப்போன மனைவியை வாயாலேயே வரைவார். அதைக் கையால் வரைய வேண்டியது அல்விசேயின் தலைவிதி.

"போன வாரம் நீளமூக்குன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். வீட்டுக்குப் போய் யோசிச்சேன், தப்பு."

பழைய முட்டைக்கரு வண்ணமாக இருந்தால் அன்றைக்கே காய்ந்திருக்கும். இந்த எண்ணெய் வண்ணம் வந்தாலும் வந்தது, திருத்தத் திருத்த இடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அல்விசே துணியால் மூக்கைத் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

முதலில் நாணயத்தில் இருப்பதுபோல் பக்கவாட்டு முகமாகத்தான் வரைந்திருந்தார். "கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பின மாதிரி இருக்கு. என்னைப் பார்க்கட்டும்" என்று கிழவர் அடம்பிடித்ததில் அந்தப் பலகை அடுப்புக்குப் போனது.

"கையில கார்னேஷன் பூ சரியா இருக்கா?"

"நிச்சயத்தன்னிக்கு நான் கொடுத்தது அதேதான்."

"மடியில ஒரு நாய்க்குட்டி வைக்கட்டுமா? பத்தினிக்கு அடையாளமா எல்லாரும் கேக்கறாங்க."

"நாயா? அவளுக்கு ஆகவே ஆகாது. என் ஓர்சோலாவுக்கு நாய் வந்து சாட்சி சொல்லணுமா?"

அல்விசே சிரித்துவிட்டார். கிழவர் ஜன்னல் வழியே கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமான புதுசுல அலெக்ஸாண்ட்ரியாவுக்குக் கப்பல் ஏறினேன். திரும்பி வரப் பதினோரு மாசம். கரையில நின்னவ அழல. 'மெலிஞ்சுட்டீங்க'ன்னு சொல்லிட்டு, வெங்காயமும் காடியும் போட்ட மத்தி மீனை அத்தனை பேர் முன்னாடியும் ஊட்டிவிட்டா. வெட்கமே கிடையாது கழுதைக்கு!"

அந்த ஓர்சோலா நாற்பது வயதில், இருபது வருஷத்துக்கு முந்தைய கொள்ளைநோயில் போய்விட்டாள். அவள் துணிமணி, சீப்பு, தலையணை எல்லாவற்றையும் அதிகாரிகள் வாசலிலேயே போட்டுக் கொளுத்தினார்கள். கிழவரிடம் எதுவும் மிஞ்சவில்லை.

"எனக்கு எழுபத்திரண்டு ஆச்சு மாஸ்ட்ரோ. கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை அவ முகத்தைப் பார்த்துடணும்."

"இமை, உதடுன்னு ஒண்ணு விடாம எப்படித்தான் ஞாபகம் வச்சிருக்கீங்களோ!"

"ஞாபகமா? காலையில கண்ணு முழிச்சா அந்த முகம்தான் எதிர்ல நிக்குது."

அல்விசே தன் மனைவியின் கண் என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தார். சட்டென்று சொல்ல வரவில்லை, வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகு எரிச்சல்படாமல் வேலை செய்தார். மூக்கின் நுனியை உருட்டினார். இமையை இன்னும் சற்றுத் தாழ்த்தினார். கீழுதட்டைத் தடிப்பாக்கினார்.

கிழவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நிறுத்துங்க. தொடாதீங்க. இவதான்... இவதான் மாஸ்ட்ரோ!"

குழந்தைபோல் விம்மி அழுதார். அல்விசேயும் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

வெளியே மழை பிடித்திருந்தது. கிழவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பாஸ்குவா! படகுல நனைஞ்சது போதும், மேல வா! உன் எஜமானியம்மா வந்துட்டா!" என்று கூவிவிட்டு அல்விசேயிடம் திரும்பினார். "ஓர்சோலா இருக்கும்போதே சின்னப் பொண்ணா வேலைக்கு வந்தவ. இத்தனை வருஷமா என்னைக் காலையில எழுப்பி, வடிச்சுக் கொட்டறவ இவதான்."

படியேறி வந்த பாஸ்குவா ஈரச் சால்வையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றாள்.

அல்விசே படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தூரிகை கையிலிருந்து நழுவியது. மூன்று மாதமாக அவர் துடைத்துத் துடைத்து வரைந்த அத்தனையும், மூக்கும் இமையும் உதடும், நனைந்த சால்வையோடு உயிராக எதிரில் நின்றன.

"சொல்லு பாஸ்குவா, அவளேதானே?"

பாஸ்குவா அழுது சிவந்திருந்த கிழவரின் கண்களைப் பார்த்தாள். பிறகு சால்வையை மூக்கு மறைய இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்:

"அம்மாவேதான் ஐயா."