இரண்டாவது சாவி

கார்க் கடன் அலுவலகத்தில் மற்ற இரண்டு கவுண்டர்களும் ஈயோட்டிக்கொண்டிருக்க, அவன் மூன்றாவது கவுண்டர் வரிசையில்தான் கால்கடுக்க நின்றான்.

"சொல்லுங்க சார்," என்றாள் அதிகாரி, நிமிர்ந்தே பார்க்காமல்.

"காரைத் திருப்பி ஒப்படைக்கணும் மேடம். கடையில வியாபாரம் படுத்துடுச்சு. தவணை கட்டி மாளல."

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்னு வாங்கும்போதே தோணலையா?"

"எனக்குத் தோணுச்சு. வீட்டம்மாதான் பெரிய வண்டி, அதுவும் சிவப்புலதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க."

"எல்லாப் பழியையும் பொண்டாட்டி தலையில போட்டுடுங்க!" பேனாவை டொக்கென்று வைத்தாள். "ஏலத்துல வர்ற பணம் போதலேன்னா மீதியை நீங்கதான் கட்டணும். சம்மதமா?"

"சம்மதம். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிடுறேன். ஆனா கார் போகுதேன்னு வீட்ல ஒரு வாரமா எங்கூடப் பேச்சே இல்ல மேடம். அதைத்தான் தாங்க முடியல."

"அதுக்கெல்லாம் இங்க கவுண்டர் கிடையாது சார். கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டு சாவியையும் குடுங்க."

அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு சாவியை மட்டும் நீட்டினான்.

"இன்னொண்ணு எங்க?"

"உன் கைப்பையில."

பக்கத்துக் கவுண்டர்களில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டே கைப்பையைத் துழாவி, சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"என்னைப் பேச வைக்கணும்னே இந்த வரிசையில நின்னீங்களாக்கும்? சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு முன்னாடியே போயிடுங்க. எனக்கு ஜன்னலோர சீட்டுதான் வேணும்!"