இடது கதவில் ஒரு கீறல்

“ஸ்கூட்டர் நிறுத்த இவ்வளவு இடம் இருக்கு. உரசறதுக்கு என் பொண்டாட்டியோட கார்தான் கிடைச்சுதா?”

வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மாடியில் குடியிருக்கும் ஓவிய ஆசிரியர் சோப்புத் தண்ணீர் பக்கெட்டோடு உட்கார்ந்து, இடது கதவில் விழுந்திருந்த நீளக் கீறலைக் கழுவித் துடைத்தார்.

“நீங்களே சரி பண்ணுங்க. அப்பதான் புத்தி வரும்.”

“விடுங்களேன், பாவம்” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு. இவரையெல்லாம் விட்டா தலைமேல ஏறி உட்கார்ந்துப்பார்.”

அவள் உள்ளே போனாள். கதவு சாத்துகிற வரை முறைத்துக்கொண்டே நின்றவர், சட்டென்று ஆசிரியர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“தம்பி, ரொம்பத் திட்டிட்டேனோ?”

“கொஞ்சம் தூக்கல்தான் சார். ‘புத்தி வரும்’ நாம பேசி வெச்சதுல இல்லையே.”

“ஒரு வேகத்துல வந்துடுச்சு. அவளுக்குத் தெரியாம வண்டியை எடுத்து கேட்டுல உரசினது நான்தான்னு தெரிஞ்சா தொலைஞ்சேன். அவ ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் நான் பண்ணின கிண்டலை வட்டியும் முதலுமா திருப்பிடுவா.”

ஆசிரியர் கீறலுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டினார். நனைத்த உப்புத்தாளால் பதமாகத் தேய்த்தார். ஈரம் உலர்ந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் பெயின்ட் வைத்தார்.

“காயட்டும் சார். பாலிஷ் போட்டா அடையாளமே தெரியாது.”

வீட்டுக்காரர் நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

மனைவி டீயோடு வந்தாள். குனிந்து கதவைப் பார்த்தாள்.

“நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி. அவர் திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்க.”

“பரவாயில்லைங்க. என் தப்புதானே.”

“உங்க தப்பா? அவர் கேட்டுல உரசும்போது நான் ஜன்னல்லதான் நின்னுட்டிருந்தேன்.”

ஆசிரியர் டீயைத் தரையில் வைத்தார்.

“அப்ப ஏங்க ஒரு வார்த்தை கேட்கலை?”

அவள் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“விபத்துல அடிபட்டதுலேர்ந்து ஸ்டியரிங்கைத் தொடவே நடுங்கின மனுஷன் தம்பி. இப்பதான் திருட்டுத்தனமாவாவது எடுக்கறார். நாளைக்கும் சாவியை அவர் கண்ணுல படற மாதிரிதான் வெக்கப்போறேன். மிச்ச பெயின்ட்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.”